அறுபது வேட்டிக்கு ஆள் கிடைக்காத விவரம்

பவானிபூர், கல்கத்தா
கீலக வருஷம் மாசி மாதம் 18ஆம் தேதி

மகாராஜராஜஸ்ரீ லக்ஷ்மிநாராயணன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மனைவியின் தமையனும் நமது தமிழ்ச் சபையின் காரியதரிசியுமான சந்தானம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் என் தங்கை நாகலக்ஷ்மியும் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தியைக் குறைவில்லாமல் முடித்துக்கொண்டு ஊரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மகள் ஜலஜாவும் அவள் கணவர் வாஞ்சிநாதனும் சௌக்கியம். வயதில் மூத்தவன் என்பதால் ஆசீர்வாதம் என்று எழுதிவிட்டேன். சபைத் தலைவருக்குக் காரியதரிசி ஆசீர்வாதம் செய்யலாமா என்று இப்போது சந்தேகமாக இருப்பதால், அதன் பக்கத்திலேயே ஒரு நமஸ்காரத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியது.

"புகைப்படம் விளங்கவில்லை, விளக்கம் தேவை" என்ற தங்கள் தந்தி வந்தது. மூன்றாம் நாள் கடிதமும் வந்தது; அதற்குள் யாரோ தங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். தானத்தை மறுத்த கிதிர்பூர் சந்துக்காரர்கள் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதில் முதல் உத்தரவு. அதுவரை அவர்களுடைய தண்ணீர்க் குழாய் மனுவில் தாங்கள் கையெழுத்துப் போடப்போவதில்லை, நானும் போடக் கூடாது என்பது இரண்டாவது. வாஞ்சிநாதனின் ஹெட்கிளார்க் பதவி சித்திரையில் தங்கள் கையால்தான் ஆக வேண்டும் என்பது மூன்றாவது. இதை உத்தரவு அல்ல, ஞாபகமூட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மூன்று முறை படித்தேன். இனி நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். முப்பத்துநாலு வருஷம் சர்க்கார் தஸ்தாவேஜு அறையில் உட்கார்ந்தவனுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

தவறு என்னிடமிருந்துதான் ஆரம்பம். தங்களுக்குத் திருக்கடையூரில் அபிஷேகம் நடக்கிற அதே நேரத்தில், வயதுக்கு ஒன்றாக அறுபது வேட்டியை இங்கே அறுபது ஏழைத் தமிழர்களுக்குத் தங்கள் பெயரில் நான் கொடுக்க வேண்டும், அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கொடுப்பதை அளவு பார்த்துக் கொடுப்போமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெயர், வீடு, எத்தனை முழம் என்று பத்தி பிரித்து ஒரு பாரம் தயார் செய்துகொண்டு, வட ஆற்காட்டிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் குடியிருக்கும் அந்தச் சந்துக்குப் போனேன். முதல் வீட்டில் பூங்காவனம் என்கிற அம்மாள் இருந்தாள். கப்பலுக்குக் கரி சுமக்கிறவள். அந்தச் சந்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"எத்தனை முழம் வேண்டும்?" என்றேன்.

"வேட்டி கெடக்கட்டும் ஐயா. கொழாய் ஒண்ணு வேணும், எழுதிக்குங்க."

"இந்தப் பாரத்தில் வேட்டிக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது, அம்மா."

"ஓரத்துல எடம் இருக்குதே, அதுல எழுதுங்க."

ஓரத்தில் எழுதினேன். சாயங்காலத்துக்குள் அறுபது வீட்டுக்கும் ஓரத்தில் குழாய் என்றே எழுதியிருந்தேன், முழம் என்ற பத்தி முழுவதும் காலி. அவர்கள் சொன்னது விளையாட்டு அல்ல; தாங்கள் ஊருக்குப் போகுமுன்பே சபைக்கு மனுவும் கொடுத்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீர் பின்னால் இருக்கும் குட்டையிலிருந்து வருகிறது. போன சித்திரையில் மட்டும் அந்தச் சந்தில் பதினொரு பேர் வாந்திபேதியில் போனார்கள். பூங்காவனத்தின் மூத்த பெண் அவர்களில் ஒருத்தி. அடுத்த சித்திரைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. இதையெல்லாம் குறித்துக்கொண்டு கிளம்பும்போதுதான், தானம் புதன்கிழமை காலை என்று சொன்னேன்.

"பொதன்கெழமையா? ரெண்டு கப்பல் நிக்குது ஐயா. போன வருசம் உங்க வேட்டிக்கு வெயில்ல நின்னு ஒரு நாள் கூலி போச்சு. குடுக்கறவருக்கு நாள் பாத்தீங்க. வாங்கறவனுக்கு நாள் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பாரத்தில் அதற்கும் பத்தி இல்லை. உடனே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், இரண்டு கடிதம், இரண்டையும் கிழித்தேன். சுப காரியத்துக்குப் போகிறவரிடம் இதைச் சொல்வானேன், சொன்னபடி எல்லோருமா வராமல் இருந்துவிடுவார்கள், இருபது பேராவது வருவார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். புதன்கிழமை காலை சபைக் கூடத்தில் வேட்டிகள் அறுபது, கமிட்டி அங்கத்தினர் பதினைந்து, சாஸ்திரிகள் ஒருவர், மூன்று கால் பெட்டியோடு போட்டோக்காரர் ஒருவர். ஏழைகள் பூஜ்யம். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. சாஸ்திரிகள் சங்கல்பத்தை எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். சொன்ன தானத்தை ராகுகாலத்துக்கு முன் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சொன்னவருக்கு ஆகாது என்று தங்கள் ஆயுளையே என் தலையில் தூக்கி வைத்தார். உபதலைவர் மஹாதேவன், "ஏன்யா, இத்தனை பெரிய கல்கத்தாவில ஏழை அகப்படமாட்டானா? நான் அழைச்சுண்டு வரேன்" என்று வண்டி கட்டிக்கொண்டு போனார்.

முதலில் ஒரிஸாக்காரப் பல்லக்குத் தூக்கிகள் நால்வரை அழைத்து வந்தார். அவர்கள் யாரைத் தூக்க வேண்டும் என்று கேட்டார்கள். தூக்க யாரும் இல்லை என்றதும் வந்த வழிக்குக் கூலி கேட்டார்கள். வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் தடவை பார்க் பெஞ்சியில் கிழிந்த சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு வங்காளக் கிழவரிடம் கை கூப்பி, "ஏழைகளுக்கு வேட்டி கொடுக்கிறோம், வாருங்கள்" என்று தமக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியில் சொல்லியிருக்கிறார். "கீ பொல்லேன், மொஷாய்?" (என்ன சொன்னீர், ஐயா?) என்று கிழவர் எழுந்து நின்றாராம். ஒரு ஹைஸ்கூலில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவராம் அவர். மனிதனைச் சால்வையை வைத்து எடை போடுவதைப் பற்றி இங்கிலீஷில் ஆரம்பித்த பிரசங்கம் பார்க்கில் முடியாமல், வண்டியிலும் ஏறிக்கொண்டு சபைக்கே வந்துவிட்டார். வந்த பெரியவரை நிற்க வைக்க முடியுமா? தங்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

மணி பதினொன்றே கால். போட்டோக்காரர் வெளிச்சம் போகிறது என்கிறார். சாஸ்திரிகள் நேரம் போகிறது என்கிறார். மஹாதேவன் கோட்டைக் கழற்றினார். "வாங்கறதுக்குக் கை இருந்தாப் போறும் ஓய், கொடும்!" என்று தலைப்பாகையையும் சட்டையையும் எடுத்து வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார். அவர் பின்னால் மற்றப் பதினான்கு பேரும் நின்றார்கள். பதினைந்து பேர், நாலு சுற்று, அறுபது வேட்டி. கணக்கு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படம் மூன்றாவது சுற்றில் எடுத்தது. அதில் முன்வரிசையில் கையேந்தி நிற்பவர் முகத்தில் பட்டினியின் சோகம் ததும்புகிறது என்று தாங்கள் முதலில் சிலாகித்து உறவினர்களிடம் காட்டியதாகவும், சம்பந்தி கண்ணாடி போட்டுப் பார்த்து, "இது எங்கண்ணா மஹாதேவன்னா!" என்று கத்தியதாகவும் நாகலக்ஷ்மி தனியாக எழுதியிருக்கிறாள். சோகம் நிஜம்தான். அவர் அன்று காலை பலகாரம் சாப்பிடவில்லை. நாற்காலியில் இருந்த ஹெட்மாஸ்டர் இது மதராஸில் வழக்கமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்க்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்கத் தயார். வேட்டிகளைத் திருப்பிக் கொடுங்கள், சந்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று மறுநாள் மஹாதேவனிடம் கேட்டேன். "தானமா வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தா மகாபாவம், சந்தானம். உமக்குத் தெரியாததா?" என்றார்.

தங்கள் உத்தரவுக் கடிதம் வந்ததும், பயந்துகொண்டேதான், போன ஞாயிற்றுக்கிழமை சந்துக்குப் போனேன். கையில் மன்னிப்புக் கடிதத்தின் நகல், இரண்டு பாஷையில். அங்கே போனால் சந்து முழுவதும் வெட்டிக் கிடக்கிறது. குழாய் வந்தால் விழுகிற தண்ணீர் போக வழி வேண்டும் என்று அவர்களாகவே வாய்க்கால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீட்டு வாசலை அவரவர் வெட்ட வேண்டும், ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டு பக்கத்து வீட்டாரும் சேர்ந்து வெட்ட வேண்டும். இந்த விதியை யார் போட்டது என்று கேட்டேன். யாரும் போடவில்லை என்றார்கள். ஏழைகள் அபிவிருத்திக்கென்று தாங்கள் கேட்டபடி இருபத்தேழு விதிகள் நான் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன்.

"அதுல கயிறு புடிக்கறதுக்கு விதி இருக்குதா, ஐயா?" என்றாள் பூங்காவனம்.

"இல்லை."

"சரி, இத்தப் புடிங்க." கோடு நேராக வருவதற்குக் கட்டிய கயிற்றின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை, என் உத்தியோக காலத்தில் ஒரு காரியம் ஆரம்பித்து என் கண்ணெதிரே முடிந்து நான் பார்த்ததில்லை. ஒரு காகிதம் உள்ளே வரும், போகும், எங்கே போயிற்று என்று தெரியாது. அன்று மத்தியானம் ஒரு குடம் தண்ணீரை இந்தக் கோடியில் ஊற்றினார்கள். அது அந்தக் கோடிக்குப் போயிற்று. நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

பிறகு மன்னிப்புக் கடிதத்தை எடுத்தேன். படித்துக் காட்டினேன். பூங்காவனம் சிரிக்க ஆரம்பித்ததும் சந்தே சிரித்தது.

"எதுக்கு மன்னிப்பு? வேலைக்குப் போனதுக்கா?" என்றாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலைவரையாவுக்கு அறுவது ஆச்சுன்னா சந்தோசம். நூறு வயசு நல்லா இருக்கட்டும். அன்னிக்கி நாங்க வேலையா இருந்தோம். அவ்ளோதான், எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். முதல் உத்தரவுக்கு இதுவே பதில். மன்னிப்பாக வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வாழ்த்தாகவே இருக்கட்டும்.

இரண்டாவது உத்தரவு. குழாய் மனுவுக்கு வரி கட்டும் வீட்டுக்காரர் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஊருக்குப் போகுமுன் தாங்களே போடுவதாகச் சொன்ன கையெழுத்து அது. இந்தப் பவானிபூர் வீட்டுக்கு நானும் வரி கட்டுகிறேன். நாலு நாள் அந்த மனுவை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். நிஜத்தைச் சொன்னால் கையெழுத்து இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு பிழை கண்டுபிடித்து மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ஜலஜா, "ஏம்ப்பா, என் கல்யாணத்துக்கே இவ்ளோ யோசிக்கலையே நீங்க" என்றாள். வாஞ்சிநாதன் மெதுவாக வந்து, "மாமா, போடத்தான் போறேள்னா, கொஞ்சம் படிக்க முடியாதபடி போடுங்கோளேன்" என்றார். பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. ஆனால் என் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று இதுவரை எந்தத் துரையும் சொன்னதில்லை. முழுப் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு நம்பர், எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் போட்டேன்.

மூன்றாவது ஞாபகமூட்டல். வாஞ்சிநாதன் ஏழு வருஷமாகத் தங்கள் கீழ் ஒரு பிழையில்லாமல் வேலை செய்கிறார் என்று தாங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். மாமனாரின் கையெழுத்தால் போகக்கூடிய பதவி என்றால் அது அவர் வேலைக்காக வந்த பதவி அல்ல. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் என்னுடன் பேசவில்லை. காரியதரிசி பதவியை ராஜினாமா செய்யும்படி தாங்கள் எதிர்பார்க்கலாம். செய்யப்போவதில்லை. நீக்குவதானால் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். சபை விதி ஒன்பதின்படி கூட்டத்தைக் கூட்டுகிறவர் காரியதரிசி. நான் கூட்டமாட்டேன்.

மூத்தவனாக இருந்து இவ்வளவு எழுதியதில் தப்பு இருக்கலாம். இருக்கிறதா என்று நாலு தடவை படித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. தாங்களும் நாகலக்ஷ்மியும் எண்பதும் நூறும் கண்டு, பிள்ளை குட்டிகளுடன் நோய் நொடியின்றி வாழ வேண்டும். அவள் முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பண்ணித் தடவவும்.

இப்படிக்கு,
தங்கள் க்ஷேமத்தையே விரும்பும்,
சந்தானம்

பின்குறிப்பு: மேலே கண்டதை முடித்துவிட்டு மனுவை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீஸுக்குப் போனேன். ஓவர்சியர் படித்துப் பார்த்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் எதற்கு என்று கேட்டார். அந்த விதியை எடுத்து ஆறு வருஷம் ஆகிறதாம். என்னிடம் இருப்பது பழைய புத்தகம். குடியிருப்பவர்களே நேரில் வந்து கேட்டால் போதுமாம். பூங்காவனமும் இன்னும் ஆறு பெண்களும் போன வியாழக்கிழமையே குடங்களோடு போய்க் கேட்டு, வெட்டி வைத்த வாய்க்காலையும் ஆளை அழைத்துவந்து காட்டி, உத்தரவு வாங்கிவிட்டார்கள். நான் சந்துக்கு ஓடினேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. என்னிடம் ஏன் அம்மா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க நாலு நாளா மும்முரமா எழுதிக்கிட்டு இருந்தீங்களாமே, எதுக்குக் கெடுக்கணும்னுதான்" என்றாள். ஆகவே என் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை, தங்கள் கையெழுத்தும் தேவைப்படவில்லை, நான் மீறியதாக எழுதிய உத்தரவை மீற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மனுவைக் கிழித்துவிட்டேன். வாஞ்சிநாதன் இரண்டு நாளைக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினார்: "அப்படின்னா இந்தக் கடுதாசியும் வேண்டாமே, மாமா? நானே தபாலாபீஸ் பக்கம்தான் போறேன், கொடுங்கோ, பார்த்துக்கறேன்." நியாயமான யோசனைதான். அவசியம் என்று ஒன்றும் இல்லாதபோது இதை அனுப்புவது சரிதானா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். குடையை எடுத்துக்கொண்டு நானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.