உறையாத ஜாம்

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியை ஒரு விஷயத்திலும் ஏமாற்ற முடிந்ததில்லை. அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்த ஒரு தடவை ஏமாற்றியே தீருவது!

காரணம், ஃப்ரிட்ஜில் இருந்த ஒரு கொய்யா ஜாம் பாட்டில். எங்கள் பாப்பா செய்தது. பாப்பா தவறிப்போய் இரண்டு வருஷமாகிறது. பாட்டில் மட்டும் இருக்கிறது.

எனக்கு ஜாம் தொழிற்சாலையில் உத்தியோகம். ஜாம் உறைகிறதா என்று பார்க்கவேண்டும். பெக்டின்தான் எனக்குச் சோறு போடுகிறது. செடிகொடிகளில் ஒரு செல்லின் சுவரை அடுத்த செல்லோடு ஒட்டிவைக்கிற பசை அது. காயில் கெட்டியாக இருக்கும். பழுக்கப் பழுக்கக் கரைந்துபோகும். அதனால் ஜாமுக்கு நாலு காயும் சேர்க்கவேண்டும். பாப்பாவிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "காயெல்லாம் பாவம்பா, இன்னும் பழுக்கவே இல்ல" என்று ஒதுக்கிவிட்டாள். ஜாம் உறையவே இல்லை. கஞ்சி மாதிரி ஓடியது.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அந்தப் பாட்டிலைச் சாய்த்துப் பார்ப்பேன். எல்லாம் மனைவிமேல் உள்ள அக்கறைதான். அதற்கு ஒன்று ஆனால் அவள் தாங்கமாட்டாள்.

அன்று பார்த்தால், மேலே பூசணம். அவள் தையல் கடைக்குப் போன நேரம் பார்த்து, கொட்டிக் கழுவி, கொய்யா வாங்கிக் கிளறி, அதே பாட்டிலில் சுடச்சுட ஊற்றினேன். அச்சு அசல் அதே நிறம். லேபிளில் பாப்பாவின் கோணல் எழுத்து அப்படியே இருந்தது.

சாயந்திரம் அவள் வந்து பாட்டிலைக் கவிழ்த்தாள். ஜாம் அசையவில்லை. இத்தனை வருஷத் தொழில்! கை தானாகப் பெக்டின் பொடியைப் போட்டுத் தொலைத்திருக்கிறது.

"என்னங்க, ஜாம் விறைச்சுக்கிட்டு நிக்குது?"

"ஃப்ரிட்ஜுல குளிர் ஜாஸ்தி போல."

"ரெண்டு வருஷமா இல்லாத குளிரா?"

"வயசானா கொஞ்சம் இறுகும்."

"உங்களப் பாத்தா அப்படித் தெரியலயே. கண்ணு ஏன் கலங்குது?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். "பூசணம் புடிச்சிருச்சு. கொட்டிட்டேன். பாப்பா கைபட்டதுன்னு இருந்ததே அது ஒண்ணுதான். நீ தாங்கமாட்டேன்னு..."

அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க கொட்டினது பாப்பா பண்ணதில்ல. பாப்பாவோடது போன வருஷமே பூசணம் புடிச்சிருச்சு. அதுக்கப்புறம் இருந்தது நான் பண்ணி வச்சது."

"நீயா! எதுக்கு?"

"தினமும் அதச் சாய்ச்சுப் பாத்துட்டுதான வேலைக்குக் கிளம்புறீங்க? அது இல்லேன்னா நீங்க செருப்பு மாட்டுவீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள்.

மறுநாள் நல்ல கனிந்த பழமாக வாங்கிவந்தேன். அவள் பையை அடுப்படியில் கொட்டினாள். பழக்கதோஷம், நடுவில் ஒரு காய் உருண்டது. அதைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"இது பாவம், விட்டுடுங்க. நீங்களும் வெளிய போய் உக்காருங்க."