ஹெல்மெட் போட்டுக்கிட்டு மாவு வாங்கப் போன கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல இட்லி மாவு வாங்கப் போனேன்.

அவ்ளோதாங்க வேலை. பாண்டிச்சேரி லாஸ்பேட்டைல எங்க தெருமுனைல ராணியக்கா கடை. தூக்குச்சட்டியை நீட்டுனா கரண்டியால மொண்டு ஊத்துவாங்க. வாங்கிட்டு வரணும். சின்னப் புள்ளைங்ககூட பாதித் தூக்கத்துல செய்யுற வேலை.

ஆனா நான் வேலை பாக்கறது சேதராப்பட்டுல ஒரு இட்லி மாவு கம்பெனில. பாக்கெட் மாவு. அங்கதான் சிக்கலே!

எங்க முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. "நம்ம மாவை நாமளே சாப்புடலன்னா ஊரு எப்படிய்யா சாப்புடும்?" கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா மனுஷன் லீவு நாள்லயும் விடமாட்டாரு. ஞாயித்துக்கிழமை காலைல நாங்க எல்லாரும் குடும்பத்தோட உக்காந்து கம்பெனி மாவு இட்லி சாப்புடறதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடணும். தட்டு தெரியணும், பாக்கெட் தெரியணும், எங்க பல்லும் தெரியணும்.

பேக்கிங் செக்‌ஷன் சேகர் ஒரு ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி புள்ளைங்களோட பரோட்டா சாப்புட்டதை யாரோ பாத்துட்டாங்க. மறுநாளே கூப்புட்டு, "என்ன சேகர், மைதா பக்கம் சாஞ்சிட்டீங்களாமே?"ன்னு விசாரணை. அவன் இன்னும் டெம்பரவரிதான்.

நானும் டெம்பரவரிதான். என்னைப் பர்மனென்ட் பண்றதா வேணாமான்னு அந்த மாசக் கடைசில முடிவு பண்ணப் போறாங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே என் மாமியாரு கேட்ட மொதக் கேள்வி, "வேலை நிரந்தரமா தம்பி?" அன்னிலேர்ந்து "ஆயிடும் அத்தை, ஆயிடும் அத்தை"ன்னே ஓட்டிக்கிட்டிருக்கேன்.

அந்த மாமியாருதான் அன்னிக்கு திண்டிவனத்துலேர்ந்து வந்திருந்தாங்க. அடுப்புல கறிக்கொழம்பு கொதிக்குது. மொத ஈடு இட்லியைப் பிட்டு வாயில வச்சாங்க. மூஞ்சி ஒரு பக்கமா கோணிச்சு.

"என்னா மாப்ள, இட்லிக்குள்ளயே மோர்க்கொழம்பை ஊத்தி வச்சிருக்கீங்களா?"

உண்மையைச் சொல்லிடறேன். எங்க வீட்ல ரொம்ப நாளா ராணியக்கா மாவுதான். கம்பெனி காலி பாக்கெட் ஒண்ணைக் கழுவி, உள்ள பேப்பரைத் திணிச்சு, போட்டோவுக்கு மட்டும் தட்டு பக்கத்துல நிக்க வைப்பேன். ஆனா மாமியாருகிட்ட பெருமை அடிக்கணும்னு அன்னிக்குப் பாத்து நெஜமாவே கம்பெனி மாவை எடுத்துட்டு வந்தேன். எனக்குத் தேவைதான்!

என் பொண்டாட்டி கலா தூக்கை எடுத்து கையில குடுத்தா. "ராணியக்காகிட்ட வாங்கிட்டு வாங்க."

"ஏய், நானா? மேனேஜர் பாஸ்கர் சார் இங்க ஹெலிபேடு மைதானத்துலதான் வாக்கிங் போறாரு. பாத்தாருன்னா என் வேலைக்கு உலை வச்சிடுவாரு!"

"அம்மா பசியோட உக்காந்திருக்காங்க. எனக்கு கை ஒழியல. போறீங்களா இல்லையா?"

அப்பதான் ஒரு ஐடியா வந்துச்சு. ஹெல்மெட்! கண்ணாடியை இறக்கி விட்டா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது.

நம்ம ஊர்ல வண்டி ஓட்டுறவனே ஹெல்மெட்டை வண்டியோட சைடு கண்ணாடில மாட்டிக்கிட்டுதான் போவான். நான் தெருமுனைக்கு, நடந்து, லுங்கியோட, ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போறேன். இது யாரு கண்ணையும் உறுத்தாதுன்னு நெனச்சேன் பாருங்க, இந்த மூளையைத்தான் பர்மனென்ட் பண்ணலாமான்னு கம்பெனி யோசிச்சிக்கிட்டிருக்கு!

கடைல நாலஞ்சு பொம்பளைங்க நின்னாங்க. பக்கத்து ஸ்டூல்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிடையரான பெரியவரு ஒருத்தரு உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தாரு. பிரெஞ்சுல பட்டாளத்துக்காரரை 'சொல்தா'ம்பாங்க, எங்க தெருவுல எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்புடுவோம். நான் கம்முனு தூக்கை நீட்டுனேன்.

"எவ்ளோ வேணும்?"ன்னாங்க ராணியக்கா.

பேசுனா குரலை வச்சிக் கண்டுபுடிச்சிடுவாங்களேன்னு கையால ரெண்டு வெரலைக் காட்டுனேன்.

"வாய்ல என்னா கொழுக்கட்டையா? சொல்லேன்யா."

"ம்ம்."

முன்னாடி நின்ன அம்மா மெதுவா முந்தானையை இழுத்து செயினை மூடிக்கிட்டாங்க. "யாருக்கா இவன்? பேசவே மாட்டேங்கறான்?"

எனக்கு உள்ள வேர்த்து ஊத்துது. மூச்சு பட்டுப் பட்டு ஹெல்மெட் கண்ணாடி பூரா ஆவி. ஒண்ணும் தெரியல. ராணியக்கா தூக்கைக் குடுத்ததும் விட்டாப் போதும்னு திரும்புனேன். என் கை அந்தம்மா தோள்ல இடிச்சிடுச்சு.

"ஐயையோ! செயினு! செயினு!"

சொல்தா பேப்பரை வீசிட்டு எழுந்தாரு. அவருக்குக் கோவம் வந்தா பிரெஞ்சுதான் மொதல்ல வரும். "அரெத்தே! அரெத்தே!"ன்னு கத்திக்கிட்டே கைத்தடியோட வர்றாரு. நில்லுடான்னு அர்த்தம்.

நின்னு ஹெல்மெட்டைக் கழட்டியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். "அட, நம்ம கலா வீட்டுக்காரரு"ன்னு சிரிச்சிருப்பாங்க. நான் என்ன பண்ணேன்? ஓடுனேன்!

ஒரு கையில லுங்கி, ஒரு கையில தூக்கு. பின்னாடி பொம்பளைங்க, அவங்க பின்னாடி சொல்தா. எங்கேர்ந்தோ ரெண்டு நாயும் சேந்துக்கிச்சு. திருப்பத்துல கண்ணு மண்ணு தெரியாமப் போயி ஒருத்தர் மேல மோதுனேன் பாருங்க, தூக்கு மூடி எகிறிடுச்சு. மாவுல பாதி அவரு மேல, பாதி என் ஹெல்மெட் மேல.

"எவன்டா அவன்?"

அந்தக் குரலை நான் தெனமும் கேக்கறேங்க. பாஸ்கர் சாரு!

கண்ணாடியைத் தூக்குனேன். "வணக்கம் சார்."

"நீங்களா? என்ன இது? யாரு வீட்டு மாவு இது?"

பர்மனென்ட், மாமியாரு, கறிக்கொழம்பு எல்லாம் கண்ணு முன்னாடி வரிசையா வந்துட்டுப் போச்சு. வாய் மட்டும் தானா பேசுச்சு.

"நம்ம மாவுதான் சார்! தெருவுல எல்லாருக்கும் சாம்பிள் குடுத்துக்கிட்டிருக்கேன்."

"லீவு நாள்லயா?"

"கம்பெனிக்கு ஏது சார் லீவு?" சொல்றப்ப எனக்கே என் மேல கடுப்பா இருந்துச்சு.

"சரி, ஹெல்மெட் எதுக்கு?"

அதானே, எதுக்கு? எங்க கம்பெனில தலைக்குத் தொப்பி போடாம மாவு பக்கத்துலயே போகக் கூடாது. சட்டுனு அது ஞாபகத்துக்கு வந்துச்சு.

"மாவுல முடி விழக் கூடாதுல்ல சார். வீட்ல தொப்பி இல்ல. அதான்..."

பாஸ்கர் சாரு அப்படியே உருகிட்டாரு. கண்ணு கலங்கிடுச்சுங்க, சத்தியமா!

அதுக்குள்ள கூட்டம் வந்துடுச்சு. முன்னாடி ராணியக்கா, கையில கரண்டியோட. என் மூஞ்சியைப் பாத்தாங்க, பாஸ்கர் சாரு சட்டைல இருந்த கம்பெனி பேரைப் பாத்தாங்க. ஒரே ஒரு வார்த்தை போதும், நான் காலி. ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டேன்.

"இவரா சார்?"ன்னாங்க ராணியக்கா. "காலைலேர்ந்து உங்க மாவு உங்க மாவுன்னு பேசிப் பேசியே எங்க யாவாரத்தைக் கெடுக்குறாரு சார்!"

தெய்வம்! தெய்வம் கரண்டியோட வந்து நின்ன மாதிரி இருந்துச்சு எனக்கு.

பாஸ்கர் சாரு தோள்ல வழிஞ்ச மாவை வெரலால தொட்டு மோந்து பாத்தாரு. "எங்க இருந்தாலும் நம்ம மாவு வாசனையை நான் கண்டுபுடிச்சிடுவேன்யா. இந்தப் பக்குவம் வேற எவனுக்கு வரும்?"

ராணியக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. முதுகு மட்டும் குலுங்குது.

மாவு வழியுற ஹெல்மெட்டோட என்னை நிக்க வச்சி செல்ஃபி எடுத்து அப்பவே குரூப்ல போட்டாரு. அடுத்த நிமிஷமே முதலாளியோட வாய்ஸ் மெசேஜ். "இவன்தான்யா தொழிலாளி! இவனை உடனே பர்மனென்ட் பண்ணுங்க!"

காலித் தூக்கோட வீட்டுக்கு வந்தேன். மாமியாரு தட்டு முன்னாடி அப்படியே உக்காந்திருக்காங்க.

"மாவு எங்க மாப்ள?"

"அத்தை, வேலை நிரந்தரமாயிடுச்சு!"

"சந்தோஷம். அதுல இட்லி ஊத்த முடியுமா?"

கறிக்கொழம்பைப் பழைய சோத்துக்குத்தான் தொட்டுக்கிட்டோம்.

மறுநாள் புது உத்தரவு வந்துச்சு. இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் எல்லா ஊழியரும் அவங்கவங்க தெருவுல சாம்பிள் குடுக்கணும். சுத்தம் முக்கியம், அதனால ஹெல்மெட் கட்டாயம். சேகர் போன் பண்ணி, "நல்லா இருடா சாமி, நீ நல்லா இரு"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டான். அதைவிட அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ராணியக்கா கடைக்கு எதுத்தாப்புலயே கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுன ஹெல்மெட்டோட நிக்கிறேன். என் மாவை வாங்கத்தான் ஆளில்ல. அக்காதான் அப்பப்ப கூப்புடுவாங்க. "தம்பி, கலா தூக்கைக் குடுத்து விட்டிருக்கா. போறப்ப எடுத்துக்கிட்டுப் போ."

வேலை பர்மனென்ட் ஆயிடுச்சுங்க. ஞாயித்துக்கிழமைதான் போயிடுச்சு.