விசில் சாரும் எங்கள் சாஃப்ட்பால் டீமும்

வாயைத் திறக்காமலே ஒரு பள்ளிக்கூடத்தை ஆட்டிவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பி.டி. மாஸ்டர் விசில் சார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் ஆந்திராவில் புத்தூர் பக்கம் நான் தமிழ் டீச்சராக இருந்த அந்தப் பள்ளியில் ஹெட்மாஸ்டர் முதல் கேட்டில் கடலை மிட்டாய் விற்பவர் வரை எல்லாருக்கும் அவர் விசில் சார்தான்.

ஆறடி உயரம். மீசையைப் பார்த்தால் போலீஸ்காரர்களே வழிவிடுவார்கள். பிரேயருக்கு வரிசையாக நிற்க விசில், டீ கொண்டுவர விசில், வகுப்புக்குள் நுழைந்த நாயை விரட்ட விசில். தப்பித்தவறிப் பேச வேண்டி வந்தால் பக்கத்தில் வந்து காதோடு காதாக முணுமுணுப்பார். "டீச்சர், சாக்பீஸ் இருக்குதா?" என்று என்னிடம் முதல் நாள் கேட்டதை ஊரில் ஏதோ கொலை விழுந்த சேதி என்று நினைத்துப் பதறிவிட்டேன். மைதானத்தைப் பார்த்த ஸ்டாஃப் ரூம் ஜன்னலை, அவர் விசில் சத்தத்தின் புண்ணியத்தில், நாங்கள் வருஷம் முழுக்கச் சாத்தியே வைத்திருந்தோம்.

ஊருக்குள் டிஷ் ஆன்டெனாவும் எஸ்.டி.டி. பூத்தும் முளைத்த காலம் அது. கூடவே டை கட்டிய இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றும் முளைத்து எங்கள் பிள்ளைகளை வேனில் அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தது. எங்கள் கரஸ்பாண்டென்ட் கலங்கிப்போனார். ஒரு நாள் விசில் சாரைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார்.

"கபடி, கோகோ எல்லாம் நமக்கு ஆவாது. சாஃப்ட்பால்னு ஒண்ணு கீதாம். ஜில்லாவுலயே நாலஞ்சு டீம்தான். பொம்பள புள்ளைங்கள வெச்சி திருப்பதியில ஒரு மேட்ச் கெலிச்சிக் குடு. போஸ்டிங் பர்மனென்ட். இல்லைன்னா ஏப்ரலோட நீ வேற எடம் பாத்துக்கோ."

சார் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் என் காதில் முணுமுணுத்தார்: "மெட்ராஸ்ல மில்லு மூடிட்டாங்க, இங்க வந்தேன். இதுவும் போச்சுன்னா பெங்களூர்ல வாட்ச்மேன் வேலதான் டீச்சர். பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு இன்னொரு ஊருக்குப் போவ எனக்குத் தெம்பு இல்ல."

போதாததற்குப் பெண்கள் டீமோடு ஒரு டீச்சர் போயாக வேண்டும் என்று என்னையே மேனேஜராகவும் போட்டுவிட்டார்கள்.

சாஃப்ட்பாலை அதுவரை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. சார் திருப்பதிக்குப் போய், ஏதோ ஒரு காலேஜ் மைதானத்து வேலிக்கு வெளியே நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்தார். சுண்ணாம்பில் கட்டம் போட்டார். பந்தை அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடி மிதிக்கிற பேஸுக்குக் கோணிப்பைகள் வேண்டும். உள்ளே எதை அடைப்பது? ஊரில் சும்மா கிடைப்பது காய்ந்த வேர்க்கடலைக் கொடி. அடைத்தார். மறுநாள் காலையில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், செகண்ட் பேஸை ஆடு துன்னுக்கினு கீது."

சார் ஆட்டைப் பார்த்தும் விசில்தான் அடித்தார். அது நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு தேர்ட் பேஸுக்கு நகர்ந்தது.

பந்தை அடிக்கக்கூடப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அடித்த பிறகு ஓடத்தான் மாட்டேன் என்றார்கள். பந்து போகிற அழகை ரசித்தபடி நின்றுவிடுவார்கள். அப்போதுதான் சாருக்கு அந்த யோசனை உதித்தது. பெண்களில் பாதிப்பேர் தினமும் திருத்தணியிலிருந்து வரும் தமிழ்நாட்டு பஸ்ஸில் வருகிறவர்கள். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அதையே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு விசில், பேஸிலேயே நில். இரண்டு விசில், ஓடு. ஒரே வாரத்தில் டீம் பஸ் மாதிரி ஓடியது.

வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. மேட்சுக்கு நாங்கள் திருப்பதி கிளம்பியதும் அதே மாதிரித் தமிழ்நாட்டு பஸ்ஸில்தான். வடமாலபேட்டை தாண்டியதும் பாக்கியம் என்ற பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். சார் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். நடுரோட்டில் பஸ் நின்றது.

"யார்யா அது எறங்கறது?" என்று கேட்டபடி கண்டக்டர் கீழே இறங்கிப் பின்பக்கம் வந்து பார்த்தார். யாரும் இறங்கவில்லை. சாருக்கு வேர்த்துவிட்டது. நிலைமையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று இரண்டு விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது, கண்டக்டர் இல்லாமல். டிக்கெட் பையை அணைத்துக்கொண்டு அந்த மனிதர் பின்னால் ஓடிவந்த ஓட்டத்தை எங்கள் டீமில் ஒருத்தி ஓடியிருந்தால் கோப்பையே எங்களுக்குத்தான். மறுபடி ஒரு விசில் அடித்துத்தான் பஸ்ஸை நிறுத்தினார். ஏறிவந்த கண்டக்டர் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது.

மேட்சில் எப்படியோ இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கடைசி இன்னிங்ஸ் வரை வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் ரன் சமம். தேர்ட் பேஸில் பாக்கியம் நிற்கிறாள். அவள் ஓடிவந்து, பந்தை அடிக்கிற மூலையான ஹோமை மிதித்துவிட்டால் ஒரு ரன், சாருக்கு வேலை நிச்சயம். அந்த நேரம் பார்த்து எதிர் டீம் டீச்சர் அம்பயரிடம் போய்ப் புகார் சொன்னார். அம்பயர் நேராக வந்து கையை நீட்டினார்.

"சார், ஈ ஆட்டலோ விசில் லேதண்டி. இட்ல இவ்வண்டி."

இந்த ஆட்டத்தில் விசில் கிடையாது, கொடுங்கள் என்கிறார். விசில் அவர் பாக்கெட்டுக்குள் போனது. சார் முகம் செத்துப்போனது.

அடுத்த பந்தை எங்கள் பெண் ஓங்கி அடித்தாள். பந்து பறந்தது. பயத்தில் அவள் தானாகவே முதல் பேஸுக்கு ஓடிவிட்டாள். பாக்கியம் மட்டும் பேஸில் ஒரு காலை வைத்தபடி சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு விசில் வரவில்லையே. சார் விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. தூரத்தில் எதிர் டீம் பெண் பந்தை எடுத்துவிட்டாள்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"ஓடு கண்ணு, ஓடு, ஓடு!"

நாலு வயதுக் குழந்தை வீறிட்டது போல அப்படி ஒரு கீச்சுக் குரல். யார் குழந்தையோ மைதானத்துக்குள் வந்துவிட்டது என்றுதான் நானே திரும்பிப் பார்த்தேன். பந்தைக் கையில் வைத்திருந்த பெண்ணும் அதேபோலத் திரும்பிப் பார்த்தாள். குரல் அந்த மீசைக்குக் கீழே இருந்து வருவதைக் கண்டு எறிய மறந்து நின்றாள். அதற்குள் பாக்கியம் ஹோமுக்கு வந்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம். அடுத்த மேட்சில் கந்தலாகத் தோற்றதைப் பற்றி யாருக்குக் கவலை? கரஸ்பாண்டென்ட் கேட்டது ஒன்றுதானே. அம்மாடி என்று நான் புல்தரையில் உட்கார்ந்துவிட்டேன். சார் அம்பயரிடம் விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து பழையபடி முணுமுணுத்தார்.

"அசிங்கமா போச்சு டீச்சர். மில்லுல இந்தக் கொரலுக்கு எல்லாரும் சிரிப்பாங்க. அதனாலதான் விசில்."

"இன்னிக்கு யார் சார் சிரிச்சாங்க?" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சினார்.

திங்கட்கிழமை மைதானத்தில் வழக்கம்போல இரண்டு விசில் கேட்டது. பிறகு ஓடுகிற சத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று ஸ்டாஃப் ரூம் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஒரு பெண்கூட நகரவில்லை. பாக்கியம்தான் பேசினாள்.

"விசில் வேணாம் சார். நீங்களே சொல்லுங்க, ஓடறோம்."

சார் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். நான் அங்கே வேலை பார்த்த மிச்சக் காலம் முழுக்க அந்த ஜன்னலைச் சாத்தவே இல்லை.