களி தின்னக் கடல் தாண்டிய மகனுக்கு

மூக்கண்டப்பள்ளி,
ஓசூர்.
14.9.1986

டொராண்டோ மாநகரில், இத்தாலிக்காரர் தெருவில், மாடி அறையில் குடியிருக்கும் அன்பு மகன் ஐசக்குக்கு அப்பா சகாயநாதன் எழுதுவது. மாதா கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். உன் அம்மா மட்டும் உன் கடிதம் வந்த நாளிலிருந்து சுகமில்லை.

வீட்டுக்காரரின் மகள் லூசியாவைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். மகிழ்ச்சி. உன் பாஸ்போர்ட்டுக்காக நான் மெட்ராசுக்கு நடையாய் நடந்தது இதற்குத்தானே. அந்தத் தெருவில் இந்தப் பக்கம் இத்தாலியின் ஒரு கிராமத்தார், எதிர்ப்பக்கம் வேறு கிராமத்தாராம். புதிதாக யார் வந்தாலும் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்களாம். திருவிழாவில் எந்த ஊர்ப் புனிதரின் சுரூபம் முன்னே போவது என்று சண்டையாம். நம் லைன் வீடுகளில் சேலத்தாரும் திருநெல்வேலியாரும் மாதா சப்பரத்துக்கு யார் தோள் கொடுப்பது என்று வருஷா வருஷம் அடித்துக்கொள்கிறார்களே, அதைப் பார்க்கவா விமானம் ஏறினாய்? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மாள் மக்காச்சோள மாவில் களி கிண்டிப் பலகையில் கொட்டுவாராம், அமிர்தமாக இருக்குமாம். இங்கே ராகிக் களியைக் கண்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன மகராசன் நீ.

உன் அம்மா குழாயடியில் அழுததால் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக் கெம்பம்மா, "களி கிண்டுற வூட்டுப் பொண்ணுதானேண்ணா, நம்ம ஜனந்தான் போ, கட்டி வெச்சுடு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். பங்குச் சாமியாரிடம் முறையிட்டால், "பாப்பரசர் இருக்கிற தேசத்துப் பொண்ணு, இன்னும் என்னய்யா வேணும் உமக்கு?" என்கிறார். நாளைக்கு சிங்காரப்பேட்டையில் என் அக்கா, "பொண்ணு எந்த ஊரு, யாரு வூடு?" என்று கேட்டால் பாப்பரசரா வந்து பதில் சொல்வார்? ஊர் பேர் தெரியாத இடத்தில் பெண்ணெடுக்க எனக்குச் சம்மதமில்லை. பயமாகவும் இருக்கிறது ஐசக். அங்கேயே கல்யாணம் முடித்துவிட்டால் நீ எங்கே திரும்பி வரப்போகிறாய்? அதனால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு.

மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் கம்பளி போடு, பூசை தவறாதே. மாதா உன்னைக் காத்தருளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சகாயநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் அடுத்த கடிதம் வந்தது. நீ அவர் ஊர்க்காரன் இல்லை என்று லூசியாவின் அப்பா பெண் தர மறுத்துவிட்டாராமே. ஊர் பேர் தெரியாதவனாம். யாரைப் பார்த்து? என் மகனுக்கு ஊர் இல்லையா, பேர் இல்லையா? களி தின்கிற மனுஷனுக்கு இவ்வளவு ராங்கி ஆகாது. இந்தக் கல்யாணம் நடந்தே தீரவேண்டும். இப்போதுதான் சாமியாரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டு வருகிறேன். ஓலையில் பெண்ணின் ஊரைச் சேர்க்க வேண்டுமாம். அவள் அப்பாவிடமே கேட்டு உடனே எழுது.