ஒளிர்ந்த எலியும் ஒட்டிக்கொண்ட கேடயமும்

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான பொருள் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் நானோ மருந்துதான். இதைச் சொன்னவர் எங்கள் இயக்குநர். அச்சடித்து விநியோகித்தவன் மக்கள் தொடர்பு அலுவலனாகிய நான்.

கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களை ஊசியில் ஏற்றினால், உடம்பெல்லாம் சுற்றிவிட்டுப் புற்றுக்கட்டியைக் கண்ட இடத்தில் டேரா போட்டுவிடும். எம்.ஆர்.ஐ. படத்தில் கடுகளவு கட்டியும் பளிச்சென்று தெரியும். இதுவரை எலிகளின் கட்டிகள்தான் தெரிந்திருக்கின்றன.

படமெடுக்கப் பக்கத்து ஆஸ்பத்திரியின் எந்திரம்தான். அன்று காலை அதில் என் அக்காவின் முறை. ஓயாத தலைவலி, மங்கும் பார்வை, மூளையில் கட்டியோ என்று டாக்டருக்குச் சந்தேகம். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறையை, தனக்கு நடக்கும் பாராட்டு விழாவை முன்னிட்டு, இயக்குநர் 'பெருந்தன்மையோடு' எலிக்கு மாற்றினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோக்கா. எலி முடிஞ்சதும் நீதான்."

"எலிக்கும் தலைவலியாடா?"

"இல்லக்கா. அதுக்குக் கட்டிய நாங்களே வச்சோம்."

"குடுத்து வச்ச எலி," என்றாள் அக்கா.

எலி மயக்கத்தில் முழு ஒத்துழைப்பு நல்கியது. திரையில் கட்டி ஜொலித்தது. வெளியே நின்ற பிரமுகர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"கேடயத்த உள்ள எந்திரத்துக்குப் பக்கத்துலயே குடுத்துடலாம். போட்டோ நல்லா வரும்."

டெக்னீஷியன் கதவை மறித்தார். "சார், இரும்பு உள்ள வரக் கூடாது. காந்தம் இழுத்துரும்."

"யோவ், இது இரும்பு இல்ல. கேடயம்."

விளக்கத்தைக் காந்தம் ஏற்கவில்லை. தலைமை விருந்தினரின் கையிலிருந்து பறந்த கேடயம் எந்திரத்தின் வாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் தொங்கி இழுத்தும் அசையவில்லை. எந்திரத்தைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகுமாம்.

மாலையே அவசரக் கூட்டம் கூடி, 'கருவியின் ஈர்ப்பாற்றல் ஐயமற நிரூபணமானது' என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தச் செய்திக்குறிப்பை எழுதி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து வாசிக்கப் பார்த்தாள்.

"எல்லாம் சரிடா. எனக்குக் கட்டி இருக்கா, இல்லையா?"

"எலிக்கு இருக்குக்கா," என்றேன். "ரொம்பத் தெளிவா இருக்கு."

"வச்சவங்களுக்குத் தெரியாதாடா?" என்று தாளைத் திருப்பித் தந்தாள். "எனக்கு யாரும் வைக்கலையே. அதான் உங்களுக்குத் தெரியல."