கண்–புற்று ஒருங்கிணைப்புக் குழுவின் ஒன்பதாவது கூட்டம்

உலகில் இதுவரை கூடிய குழுக்களிலேயே மகத்தானது எங்கள் மருத்துவமனையின் 'கண்–புற்று ஒருங்கிணைப்புக் குழு'தான் என்று அடித்துச் சொல்வேன். அதன் செயலாளர் அடியேன் என்பதால் அல்ல. வேறு எந்தக் குழுவும் என்னைச் சேர்த்துக்கொண்டதில்லை என்பதால்.

வயதானபின் விழித்திரை தேய்கிறவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடுதலோ என்று எங்கோ சிலர் ஆராய்ந்திருந்தார்கள். தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இரண்டுமே வயதின் வேலையாகவும் இருக்கலாம் என்பது முடிவு. இவ்வளவு வசதியான முடிவு கையில் கிடைத்தால் எந்த நிர்வாகம் சும்மா இருக்கும்?

என் அக்காவுக்கு அதே விழித்திரை நோய். எதிரே இருப்பவர் முகத்தின் நடுவில் புகை அப்பியிருக்கும். காதுகள் மட்டும் தெரியும். "உன் மூஞ்சி தெரியாததுல எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லடா" என்பாள். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டிய அன்று மட்டும் அவள் சிரிக்கவில்லை. அப்படியானால் எனக்கு வருமா, வராதா என்று கேட்டாள்.

"அதுக்குத்தான் குழு போட்டிருக்கோம்க்கா" என்று தைரியம் சொன்னேன்.

மாதம் ஒன்றாக எட்டுக் கூட்டங்கள். கண் பிரிவு தரைத்தளம், புற்றுநோய்ப் பிரிவு மூன்றாம் மாடி. எங்கே கூடுவது என்று மூன்று கூட்டங்கள் விவாதித்து, யாருக்கும் மனவருத்தம் வேண்டாமென்று மாடிப்படித் திருப்பத்தில் நாற்காலி போட்டோம். 'இருக்கலாம்' என்பதா, 'இருக்கக்கூடும்' என்பதா என்பதற்கு அடுத்த நான்கு. எட்டாவதில் 'விழிப்புணர்வு'த் துண்டறிக்கை வெளிவந்தது. பார்வை மங்கியவர்களுக்கான அந்த அறிக்கை, காகிதச் சிக்கனம் கருதி, எறும்பே கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் எழுத்தில் இருந்தது. அக்கா அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், எட்டத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு விசிறிக்கொண்டாள்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு சீட்டுக்கு ஓர் உறுப்பு. கண் சீட்டில் வந்தவர் கண்ணைத் தவிர வேறெதையும் பேசலாகாது. அக்கா சட்டத்தை மதிப்பவள். மாதாமாதம் வந்து கண்ணைப் பற்றி மட்டுமே பேசிவிட்டுப் போனாள்.

சொட்டு மருந்து விடும் நர்ஸ் அப்படியல்ல. மருந்து வேலை செய்யக் காத்திருந்த வேளையில், சீட்டில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"கண்ணு கிடக்கட்டும்மா. உடம்பு எப்படி இருக்கு?"

அக்கா சொன்னாளாம்: "மார்ல ஒரு கட்டி. மூணு மாசமா இருக்கு. தம்பிக்கு மீட்டிங் மேல மீட்டிங், அவன்கிட்ட எங்க சொல்றது?"

நர்ஸ் படிவம் எதையும் நிரப்பவில்லை. அக்காவின் கையைப் பிடித்து மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார். புற்றுதான். நல்லவேளை, சிறியது, எடுத்தாயிற்று. கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் விசாரித்தேன்.

"அது தெரியாது. நேரத்தோட வந்தாங்க, அது தெரியும்" என்றார்.

உடனே ஒன்பதாவது கூட்டம் கூடியது. பரிந்துரைப் படிவமின்றி நோயாளியை மாடி மாற்றியது, கண் பிரிவில் உடம்பைப் பற்றி விசாரித்தது ஆகிய இரு 'குற்றங்களுக்கு' விளக்கம் கேட்டு நர்ஸுக்கு மெமோ கொடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். தட்டச்சு செய்தவன் நான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை என்று தலைவர் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

எழுந்து நின்று நன்றி சொன்னேன்.