சூப்பிரண்டின் அதிராப் பீடம்

நெருப்பு, சக்கரம், ரப்பர் ஸ்டாம்பு ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலத்தை உயர்த்திய படைப்பு எது என்று கேட்டால், சூப்பிரண்டு வீட்டு முன்னறையில் இருக்கும் பீடத்தைத்தான் தயங்காமல் சொல்ல வேண்டும்.

சூப்பிரண்டு சாமானியர் அல்ல. இருபது வருடமாக ஒரு கோப்பைக்கூட அசைய விடாமல் அலுவலகத்தைக் கட்டிக் காத்தவர். அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டு வாங்கிய ரெக்கார்ட் பிளேயரில், முதல் பாட்டிலேயே முள் துள்ளிவிட்டது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு 'அதிர்வுத் தடுப்புக் குழு' அமைத்தார். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே என்பதால் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின.

மேஜைமேல் பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்துகள், அவற்றின்மேல் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதன்மேல் கருங்கல் பலகை, உச்சியில் ரெக்கார்ட் பிளேயர். அதிர்வைச் சோதிக்க அதன் பக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீர். யோசிக்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல் மேஜையின் குறுக்குக் கட்டையில் வலது காலைத் தூக்கி வைத்து, டம்ளரையே பார்த்தார். தண்ணீர் ஆடியது.

"உன் தையல் மெஷின்தான்," என்றார் மனைவியிடம்.

"ஸ்கூல் திறக்கப் பத்து நாள்தான் இருக்கு. இன்னும் நாப்பது யூனிஃபார்ம் தைக்கணுங்க."

"யூனிஃபார்ம நாளைக்கும் தைக்கலாம். பாட்டு இப்பதானே ஓடுது?"

இந்த வாதத்தின் ஆழம் பிடிபடாமல் அவள் மெஷினைச் சமையலறைக்கு நகர்த்தினாள். தண்ணீர் ஆடியது. சுவரில் சுற்றறிக்கைகள் ஏறின. மகளின் ஸ்கிப்பிங் கயிறு முடக்கப்பட்டது. கதவுகள் சாத்தப்படுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். எண் ஏழு: பேச்சும் அதிர்வே, பாட்டு ஓடும்போது பேசலாகாது.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்..." என்று மனைவி வாயெடுத்தாள்.

சூப்பிரண்டு வாய் திறக்காமல் ஏழாம் எண்ணைச் சுட்டிக் காட்டினார்.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. "இங்க இருந்தா ஒரு சட்டைகூட முடியாது. அக்கா வீட்டுக்குப் போறோம்," என்றாள் அவள். மகள் கத்தரிக்கோலையும் நூல் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். மெஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு வட்டத் தடங்களை அவர் குனிந்து ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆனாலும் ஆராய்ச்சி ஆராய்ச்சிதானே.

மின்விசிறியை நிறுத்தினார். ஃபிரிட்ஜை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் ஆடியது.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் மனைவிக்குப் போன் போட்டார். "இங்க ஒரு ஈ காக்கா இல்ல. அப்பவும் ஆடுது."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"கால ஆட்டாம உக்காருங்க."

குனிந்து பார்த்தார். குறுக்குக் கட்டைமேல் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலைப் பிடித்து அழுத்தினார். தண்ணீர் நின்றது.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க ஏழாம் நம்பரக் காட்டினீங்க."

தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. போன் வைக்கப்பட்டது.

பீடத்தை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஓடியாடியவர்களையெல்லாம் அது நேர்த்தியாக அப்புறப்படுத்தியது. ஆட்டி வைத்தவரை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவைத்தது.